அட்டை கடிக்குமா, மழை விடுமா? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சுற்றுலாத் தொழில் வழிகாட்டி

கித்துல்கலையில் நான் முதன்முதலாகக் கூட்டிப்போன வெளிநாட்டு விருந்தாளிகள் ஒரு கிரேக்கத் தம்பதி. நக்சோஸ் தீவுக்காரர்கள். உரிமம் பெற்ற வழிகாட்டி அண்ணன் ஒருவருக்கு நான் எடுபிடியாக இருந்த காலம் அது. அவர்கள் வருகிறார்கள் என்றதும் இரண்டு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன்: ‘குவாய் நதிப் பாலம்’ படம், இயக்கியவர் டேவிட் லீன், வெளிவந்தது 1957, நம்முடைய களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள், படத்துக்கு ஏழு ஒஸ்கார். வேனை விட்டு இறங்கிய கையோடு அந்த அம்மா மூன்று கேள்வி கேட்டார். காட்டில் அட்டை கடிக்குமா? மழை எத்தனை மணிக்கு வரும்? மலசலகூடம் எங்கே? ஏழு ஒஸ்காரும் என் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

மூன்றுக்கும் எனக்கு விடை தெரியும். எட்டியாந்தோட்டைக்கு மேலே லயத்தில் பிறந்தவனுக்கு அட்டையும் மழையும் ஒரு பாடமா? ஆனால் அதையெல்லாம் காசு கொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சாதாரண தரமோ உயர் தரமோ முடித்துவிட்டு, கொழும்பில் கடைக்குப் போவதா, ஹோட்டல் குசினிக்குப் போவதா என்று பிரட்டுக்களத்து மதிலில் உட்கார்ந்து யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். சப்ரகமுவத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இந்தத் தொழிலில் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மீதி, காகிதமும் மொழியும்.

உங்கள் தோட்டம் எந்த வழியில்?

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் தேயிலையைப் பார்க்கப் போகிறார்கள். நம் பக்கம் வருகிறவர்கள் வேறு எதையோ பார்க்கப் போகிற வழியில் நம் தோட்டத்தைக் கடக்கிறார்கள். அந்த வேறு எதையோ பிடித்துக்கொள்ளுங்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் என்றால் கித்துல்கலை ஆறும் அதில் ஓடும் ரப்பர் படகும். இரத்தினபுரி, குருவிட்டப் பக்கம் என்றால் சிவனொளிபாதமலைக்குப் போகும் பலாபத்தல வழி, எரத்ன வழி. இறக்குவானை, கலவானை என்றால் சிங்கராஜ வனம். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயா. கேகாலைப் பக்கம் என்றால் ரம்புக்கனையில் ரயில் விட்டு இறங்கிப் பின்னவலை யானைகளைப் பார்க்கப் போகும் கூட்டம். 1975இல் தொடங்கிய இடம் அது.

இதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாடு முழுக்கத் தெரிந்த வழிகாட்டிகள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களோடு உங்களால் போட்டி போட முடியாது. ஒரே ஒரு காட்டை அதிகாலையிலும் அடைமழையிலும் தெரிந்தவர் குறைவு. கித்துல்கலைக் காட்டில் 1995இல் தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர், யாருக்கும் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். குரலுக்குச் சொந்தக்காரரை 2001 ஜனவரியில் சிங்கராஜவில் நேரில் கண்டார். அறிவியலுக்கே புதிய இனம்: செரண்டிப் ஸ்கொப்ஸ் ஆந்தை. அதே சத்தம் அதற்கு முன்னால் நம் ஆட்களில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? இராத்திரியில் ஏதோ கத்துகிறது என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்போம். இன்றைக்கு அந்த ஒரு குரலைக் கேட்பதற்காகவே கடல் தாண்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் பெயர், பிறகு உரிமம்

உரிமம் இல்லாமல் வழிகாட்டி வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம். உரிமம் தருவது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் வந்தது. வழிகாட்டிகளில் நான்கு வகை உண்டு: நாடு முழுக்கப் போகும் தேசிய வழிகாட்டி, வாகனமும் ஓட்டும் சாரதி வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கான வழிகாட்டி, ஒரே ஓர் இடத்துக்கான வழிகாட்டி. தோட்டத்திலிருந்து தொடங்குகிறவர் கடைசி இரண்டில் ஒன்றைக் குறிவைப்பது புத்தி. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும்போது கையில் காகிதம் தயாராக இருக்க வேண்டும். அங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறோம்.

பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலைச் சான்றிதழில் ஒரு பெயர். ‘செல்வராணி’ சிங்களத்தில் போய் ஆங்கிலத்தில் திரும்பி வரும்போது வேறு யாரோ ஆகிவிடுகிறாள். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து குறைந்தாலும் பாடநெறியில் சேரும்போது அது மலைபோல வந்து நிற்கும். பிரதேச செயலகத்தில் திருத்தம் செய்யச் சில மாதம் இழுக்கலாம். அறிவித்தல் வந்த பிறகு ஓடினால் முடியாது.

அடுத்தது முகவரி. லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே மேசையில் கிடந்து, யாரோ கொண்டுவந்து கொடுக்கும்போது நேர்முகத் தேர்வு முடிந்திருக்கும். டவுனில் இருக்கிற நம்பிக்கையான சொந்தக்காரர் முகவரியைக் கொடுங்கள். மின்னஞ்சல் முகவரி ஒன்றையும் திறந்துகொள்ளுங்கள். ‘கிங் ஒஃப் எட்டியாந்தோட்டை’ என்றெல்லாம் வேண்டாம், சொந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.

படிக்க எங்கே போவது? 1964இல் ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கி, இன்று இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகமாக இருக்கும் இடத்துக்குக் கொழும்புக்கு வெளியே கண்டி, பண்டாரவளை போன்ற ஊர்களிலும் கிளை உண்டு. பட்டப்படிப்பு வேண்டுமென்றால் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலேயே சுற்றுலா முகாமைத்துவம் படிக்கலாம். ஏற்கெனவே விடுதிச் சமையலறையிலோ அறைப் பராமரிப்பிலோ சில வருடம் வேலை பார்த்திருந்தால், முழுப் பாடநெறி படிக்காமலே உங்கள் கைத்திறனைப் பரீட்சித்துத் தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். “என்ன தம்பி, படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டால் தலையைக் குனியாமல் “வேலை செஞ்சிருக்கேன் சேர்” என்று சொல்லுங்கள்.

மொழி விஷயத்தில் நாம் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடக்கிற சின்னத் தோட்டங்கள் நம்முடையவை. அதனால் சிங்களம் நமக்குச் சரளம். தமிழோ, நம் பேச்சு யாழ்ப்பாணத் தமிழைவிடத் தமிழ்நாட்டுத் தமிழுக்குக் கிட்ட. இலங்கைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் இந்தியர்களே அதிகம் என்பதை மறக்காதீர்கள். 2024இல் வந்த 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களிலும் முதலிடம் அவர்களுக்குத்தான். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிற குடும்பத்துக்கு, பாட்டிக்குப் புரிகிற மாதிரித் தமிழில் சொல்ல ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆங்கிலம் கட்டாயம். அதற்கு மேல் ஜெர்மனோ பிரெஞ்சோ ரஷ்யனோ ஏதாவது ஒன்று நூறு வசனம் அளவுக்குத் தெரிந்தாலும் போதும், உங்கள் கூலி உயரும்.

அட்டை, மழை, மலசலகூடம்

இப்போது அந்த அம்மாவின் மூன்று கேள்விக்கு வருவோம். தொழிலில் சோறு போடுவது இவைதான்.

அட்டை. “பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது” என்று சிரிக்காதீர்கள். விருந்தாளிக்கு அது முதல் அட்டை. கடித்தால் வலிக்காது, ஆனால் இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஏதோ ஒன்றைச் செலுத்துகிறது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். பிய்த்து இழுக்க விடக்கூடாது. தோலோடு ஒட்டி நகத்தைக் கொடுத்து மெதுவாகத் தள்ளினால் விழுந்துவிடும். அட்டைக் காலுறை இல்லையென்றால் காலிலும் சப்பாத்திலும் சவர்க்காரத்தை நனைக்காமல் பூசலாம், உப்புத் துணி கட்டலாம், தேசிக்காய் தேய்க்கலாம். கொழுந்து எடுக்கிற நம் அம்மாமார் செய்கிறதுதானே. அதைச் செய்து காட்டுங்கள். அந்த விருந்தாளி ஊருக்குப் போய் முதலில் சொல்லப் போகிற கதை அதுதான்.

மழை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் காய்ந்து, பகல் சாப்பாட்டுக்குப் பின் இடியோடு கொட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு வறட்சி. ஆகவே நடையோ படகோ விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடிய வேண்டும். கித்துல்கலையில் ஆற்றின் வேகம் மழையை மட்டும் பொறுத்ததில்லை, மேலே நீர்மின் நிலையங்கள் எவ்வளவு தண்ணீர் விடுகின்றன என்பதையும் பொறுத்தது. ‘நேற்று முழங்கால் அளவுதானே இருந்தது’ என்பது அங்கே பேச்சே இல்லை.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். இரண்டாம் வருடம், பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டு பேரை ஓர் ஓடைக்கு அக்கரை கூட்டிப்போனேன். எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை. மேலே மலையில் பெய்திருக்கிறது. தண்ணீர் நிறம் மாறி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்து, சத்தம் கனத்தபோதே திரும்பியிருக்க வேண்டும். நான் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். இரவு ஒன்பது மணி வரை அக்கரையில், மூன்று பேருக்கு ஒரு மஞ்சள் கிரீம் பிஸ்கட் பக்கற்று. அவர்கள் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும். தினம் காலையில் அதைப் பாருங்கள். 2016 மே 17 அரநாயக்க மண்சரிவை நம் கேகாலை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. விருந்தாளிக்கு அது தெரியாது, தெரிய வேண்டியவர் நீங்கள். செம்மஞ்சள் என்றால் பயணத்தை மாற்றுங்கள், முற்பணம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தாலும் சரி. 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1912 சுற்றுலாப் பயணிகளுக்கான அழைப்பு இலக்கம்: நான்கையும் போனில் வைத்தால் போதாது. பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும். எந்தத் திருப்பத்தில் சிக்னல் திரும்பக் கிடைக்கும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பவரே வழிகாட்டி.

மலசலகூடம். சிரிக்காதீர்கள். பெண்கள் இருக்கும் குழுவில் நாளின் திட்டமே இதைச் சுற்றித்தான். எந்தக் கடையில் சுத்தம், எங்கே தண்ணீர் வரும், எங்கே உள்தாழ்ப்பாள் இல்லை என்று நடந்து பார்த்து எழுதி வையுங்கள். நாங்கள் ஒரு தேத்தண்ணிக் கடை அக்காவோடு பேசி வைத்தோம்: சாவி அவரிடம், குழு வந்தால் திறப்பார், நாங்கள் அங்கேயே பிளேன்டீ குடிப்போம். அவருக்கு வியாபாரம், எங்களுக்கு நிம்மதி.

மற்றவை வேகமாக. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். பருவம் டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை. பருவம் இல்லாத மாதத்தில் வழியில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை. ஹட்டன் வழியைவிட இரத்தினபுரி வழி நீளம் என்று முன்னாலேயே சொல்லுங்கள். பாதியில் முழங்கால் போன பிறகு சொன்னால் உங்களைத்தான் திட்டுவார்கள். போயா தினத்தில் மதுபானம் விற்கமாட்டார்கள், முதல் நாளே நினைவூட்டுங்கள். காசு இயந்திரம் டவுனோடு சரி. சில்லறை நோட்டு மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. கையில் புத்தர் பச்சை குத்தியிருந்தால் சட்டையால் மறைக்கச் சொல்லுங்கள். 2014இல் ஒரு பிரித்தானியப் பெண்ணை அதற்காகப் பிடித்து நாடு கடத்தினார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எட்டு இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நீதி கிடைத்தது சரி, அவருடைய விடுமுறை திரும்பக் கிடைத்ததா?

துரை கிடையாது

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம். வெள்ளைத் தோலைக் கண்டால் கை தானாகக் கட்டிக்கொள்கிறது, வாயில் ‘துரை’, ‘துரைசாணி’ வந்துவிடுகிறது. தாத்தா காலத்து மிச்சம். அதை உடைக்காமல் இந்தத் தொழில் செய்ய முடியாது. ஏனென்றால் ஆற்றங்கரையில் நீங்கள் “இறங்காதீங்க” என்றால் அவர்கள் கேட்டே ஆக வேண்டும். கைகட்டி நிற்கிறவன் சொல்லை யார் கேட்பார்? பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதானவர் என்றால் ‘சேர்’, ‘மேடம்’ போதும். தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால் ‘ஐயா’, ‘அம்மா’. பத்து நிமிடத்தில் அவர்களே ‘தம்பி’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்து, கொழுந்து மலை. வேனை நிறுத்தி, கூடை சுமந்து நிற்கும் பெண்களைப் படம் எடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே நான் கறார். அங்கே நிற்பது யாருடைய அம்மா, அக்கா என்று நமக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் ஐந்து நிமிடம், தராசில் குறையும் கொழுந்து. நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஆகவே முதலில் நான் போய் அவர்களிடம் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றால், நிறுக்கிற நேரத்தில், கங்காணியிடமும் சொல்லிவிட்டு. கொடுக்கிற காசு நேராக அவர் கையில் போக வேண்டும், என் கை வழியாகப் போகக் கூடாது. லயத்துக்குள்ளே கூட்டிப்போய் அடுப்படியைக் காட்டச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. “உங்கள் வீட்டுக் குசினியை நான் வந்து படம் எடுக்கலாமா?” என்று சிரித்தபடியே கேட்டேன். புரிந்துகொண்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் அழைத்து ரொட்டியும் சம்பலும் கொடுத்தால் அது வேறு. அப்போது அவர்கள் விருந்தாளிகள், படப்பெட்டி தானாகவே பைக்குள் போய்விடும்.

கல், கமிஷன், சம்பளம்

இரத்தினபுரிப் பக்கம் வேலை செய்தால் இரத்தினக்கல் குழியைக் காட்டலாம். கல் கிடைக்கும் சரளைப் படைக்கு அங்கே ‘இல்லம்’ என்று பெயர். தமிழில் அது வீடு என்று சொல்லிப் பாருங்கள், எந்த மொழிக்காரரும் இரசிப்பார். ஆனால் கல் வாங்கித் தரும் வேலைக்குள் கால் வைக்காதீர்கள். ஒரு கடைக்குக் கூட்டிப்போனால் கமிஷன் கிடைக்கும் என்பார்கள். ஒரு முறை போலிக் கல் அகப்பட்டால் அந்தக் கடைக்காரர் பெயர் யாருக்கும் நினைவிருக்காது, உங்கள் பெயர்தான் ஊரெல்லாம் போகும். வாங்கியே தீருவேன் என்பவரிடம் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் சோதித்துப் பார்த்த பிறகு வாங்கச் சொல்லுங்கள்.

விடுதியிலோ படகு நிறுவனத்திலோ சம்பளத்துக்குச் சேர்கிறவர்கள் முதல் நாளே மூன்று விஷயம் கேட்க வேண்டும். நியமனக் கடிதம் உண்டா? ஊழியர் சேமலாப நிதிக்கு என் இலக்கம் என்ன? விருந்தாளி பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் எடுத்தால் அது எப்படிப் பங்கிடப்படும்? சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் தனியாக 3 வீதம். நம் அம்மா அப்பாவுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி, ஓய்வுபெறும் வயதில் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். நமக்கு மட்டும் கேட்க ஏன் கூச்சம்? தங்கச்சிமார் நான்காவதாக ஒன்றும் கேளுங்கள்: இரவு வேலை முடிந்தால் யார் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்?

கடைசி நாள்

அந்தக் கிரேக்க அம்மாவிடம் நானும் ஒன்று படித்தேன். கோடையில் அவர்கள் கடலில் ‘மெல்தெமி’ என்ற வடகாற்று அடிக்குமாம். அது பலத்துவிட்டால் கப்பலைப் புறப்பட விடமாட்டார்கள். தீவில் அகப்பட்டவர் அகப்பட்டவர்தான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் விமானத்துக்கு முதல் நாளே ஏதென்ஸ் திரும்பிவிடுவார்கள், கடைசி நாளைத் தீவில் வைக்கமாட்டார்கள். நம் கடலிலும் அதே கதை: 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம், காங்கேசன்துறை கப்பல் ஓடத் தொடங்கிய வேகத்தில் மழைக்காலம் வந்து நின்றது, 2024 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மா சொன்னதிலிருந்து நானும் யாருக்குத் திட்டம் போட்டாலும் கடைசி இரவை மலையில் வைப்பதில்லை. கித்துல்கலை வீதியில் ஒரு மரம் விழுந்தால் போதும், கட்டுநாயக்கா விமான நிலையம் கனவாகிவிடும்.

பிரியும்போது அந்த அம்மா என் பெயரை எழுதித் தரச் சொன்னார், ஊரில் யாராவது வந்தால் சொல்வேன் என்று. எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து, அவர் சொல்லி வந்த ஒரு குடும்பம் கித்துல்கலையில் இரண்டு நாள் என்னைத் தேடிவிட்டுப் போயிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தது லயத்தில் கூப்பிடுகிற பெயர். டவுனில் தெரிந்தது அடையாள அட்டைப் பெயர். இப்போது ஒரு சின்ன அட்டை அடித்து வைத்திருக்கிறேன். உரிமத்தில் உள்ள அதே எழுத்தில் பெயர், உரிம இலக்கம், போன் இலக்கம். பின்பக்கத்தில் கையால் எழுதுவேன்: ‘ஜனவரியில் வாருங்கள், அட்டை குறைவு.’